‘ஒட்டுக்கா’ என்று எழுது, தம்பி!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோவையில் கணபதிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிற தம்பி ஒருவன் என் வீட்டுக்கு வந்தான். செருப்பை வாசலில் ஒழுங்காக விட்டான். திண்ணை ஓரத்தில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் மழையைப் பற்றியே பேசினான். அப்புறம் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு அவன் நகக்கண்ணில் இருந்தது. தாளின் மடிப்பில் ஆயில் கறை.

“ஒரு புள்ளைக்குக் குடுக்கறதுக்குங்ணா. கொஞ்சம் திருத்திக் குடுங்க.”

படித்தேன். பிரபஞ்சம் இருந்தது, தேவதை இருந்தாள், விண்மீன் கூட்டம் இருந்தது. அவன் மட்டும் அதில் இல்லை.

“இந்த அம்முணிகிட்ட நேர்ல எப்படிப் பேசுவே?” என்று கேட்டேன்.

“பேசறதுங்களா? சாப்ட்டயா அம்முணி, பொழுதோட பத்தரமா ஊட்டுக்குப் போயிரு, போனதும் ஒரு போனு போடுன்னு சொல்லுவனுங்.”

“அது ஒண்ணையுமே இதுல காணமே?”

தலையைக் குனிந்துகொண்டான். “நம்ம பேச்சுல எழுதுனா சிரிப்பாங்களுங்ணா.”

சிரிப்பாங்க! தம்பி, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இன்றைக்கு இத்தனை பக்கம் எழுதுகிறேன். பத்து மைக்ரான் பிசகாமல் இரும்பைக் கடையத் தெரிந்த கை, சொந்தப் பேச்சில் ஒரு வரி எழுத நடுங்குகிறதே, அந்த நடுக்கத்தை உனக்குக் கொடுத்தது யார்? பிறக்கும்போது நீ கொண்டுவந்ததில்லை அது. யாரோ உன் கையில் திணித்தது. திணித்தவனிடமே திருப்பிக் கொடு!

எனக்கும் திணித்தார்கள். கல்லூரியில் முதல் நாள், வருகைப் பதிவு எடுக்கையில் என் பெயருக்கு எழுந்து நின்று “இருக்கறனுங்” என்றேன். வகுப்பு மொத்தமும் சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். அன்றைக்கு விழுங்கிய நம் கொங்குப் பேச்சின் ‘ங்’ மூன்று வருசம் வெளியே வரவில்லை. தமிழ் மன்றக் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊருக்குப் பேசினால் கண்ணாடிக் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் அம்மாவைப் பெற்ற அமுச்சியோடு வாய் திறப்பேன். பெற்று வளர்த்தவர்களின் பேச்சைத் திருட்டுப் பொருள்போல ஒளித்து வைத்துப் பேசின அந்த மூன்று வருசத்தை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்? அதே மூன்று வருசத்தை நீயும் தொலைக்கக் கூடாது. அதற்காக, உன் வயதுப் பையன் ஒருவனின் கதையைச் சொல்கிறேன், கேள்.

ஸ்காட்லாந்தில் ஏர்சயர் என்று ஒரு சீமை. மழையும் களிமண்ணும் கல்லும் நிறைந்த பூமி. அங்கே அல்லோவே என்ற சிற்றூரில், தகப்பன் தன் கையாலேயே எழுப்பிய மண்சுவர் வீட்டில், 1759 ஜனவரி 25-ல் பிறந்தான் ராபர்ட் பர்ன்ஸ். ஏழு பிள்ளைகளில் மூத்தவன். தகப்பன் குத்தகை விவசாயி. குத்தகைப் பாக்கியும் வழக்கும் அந்த மனிதரைத் தின்றுதான் ஓய்ந்தன. மகன் சிறுவயதிலேயே ஏர் பிடித்தான். வளர்கிற உடம்பில் வாங்கிய அந்த உழைப்பின் வலி அவனை ஆயுசுக்கும் விடவில்லை.

பதினைந்து வயதில் ஓர் அறுவடை. ஆணும் பெண்ணும் ஜோடி ஜோடியாக நின்று அறுப்பது அந்த ஊர் வழக்கம். அவனுக்கு ஜோடியாக வந்தவள் நெல்லி என்ற பெண். கதிரோடு கதிராக நிற்கும் செந்தட்டிச் சுணை அவள் கையில் ஏறிவிடும். இவன் அந்தக் கையைப் பிடித்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுவான். அப்போது நெஞ்சு ஏன் அப்படி அடித்துக்கொண்டது என்று வளர்ந்த பின் ஒரு கடிதத்தில் அவனே நினைத்துப் பார்க்கிறான். நெல்லி நன்றாகப் பாடுவாள். அவள் பாடின பாட்டுகளில் ஒன்று, ஒரு சின்னப் பண்ணையார் மகன் தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணை நினைத்துக் கட்டியது என்று பேச்சு. அதைக் கேட்டதும் பர்ன்ஸ் என்ன நினைத்தான் தெரியுமா? பண்ணையார் மகனுக்கு வருகிற பாட்டு எனக்கு ஏன் வரக் கூடாது?

தம்பி, இந்த இடத்தில் கொஞ்சம் நில். பதினைந்து வயசு. காலில் சேறு, கையில் அரிவாள். அப்போது எழுந்த கேள்வி அது. நெல்லிக்குப் பிடித்த ஆட்டமெட்டு ஒன்றைப் பிடித்து, அதன்மேல் சொல்லை ஏற்றி, அவன் கட்டினான் முதல் காதல் பாட்டை. அவனை யாரும் கவிஞன் என்று அழைத்து மாலை போடவில்லை. ‘எனக்கு ஏன் வரக் கூடாது’ என்று ரோசத்தோடு அவனே கேட்டுக்கொண்டான், அவ்வளவுதான்.

அவன் எழுதியது எந்தப் பேச்சில் என்பதுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. அந்தக் காலத்தில் எடின்பரோ நகரத்துப் பெரிய மனிதர்களுக்குத் தங்கள் ஸ்காட்டுப் பேச்சு என்றாலே கூச்சம். டேவிட் ஹியூம் உலகம் மதிக்கும் தத்துவ மேதை. அவரே, எழுத்தில் வந்துவிடக் கூடாத ஸ்காட்டுச் சொற்கள் என்று ஒரு பட்டியல் போட்டு வைத்தார். 1761-ல் தாமஸ் ஷெரிடன் என்ற ஆசாமி எடின்பரோவுக்கு வந்து, லண்டன் இங்கிலீஷை எப்படி உச்சரிப்பது என்று வகுப்பு எடுத்தார். கனவான்கள் காசு கட்டிக் கூட்டமாகப் போய் உட்கார்ந்தார்கள். நாக்கிலிருந்து ஊரைச் சுரண்டி எறிய அத்தனை அவசரம்! இன்றைக்கு காந்திபுரத்திலும் ஆர்.எஸ்.புரத்திலும் மாடிக்கு மாடி தொங்குகிற ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ பலகைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கனவான்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். இங்கிலீஷ் படி, தப்பே இல்லை. பர்ன்ஸும் படித்தான். மர்டாக் என்ற இளம் வாத்தியார் அவனுக்கு இங்கிலீஷ் இலக்கணத்தை நன்றாகவே சொல்லிக் கொடுத்தார். ஷேக்ஸ்பியரும் போப்பும் அவன் படித்தவர்கள்தாம். இங்கிலீஷில் நேர்த்தியாகக் கடிதம் எழுதுவான், கவிதையும் எழுதுவான். ஆனால் நெஞ்சு நிறைந்தபோது அவன் வாயில் வந்தது அம்மாவும் அக்கம்பக்கத்துக் கிழவிகளும் பேசின பேச்சு. தெரியாமல் அந்தப் பேச்சில் எழுதியவன் அவன் என்று நினைத்துவிடாதே. தெரிந்தே எழுதினான். ‘இங்கிலீஷிலேயே எழுதப்பா, நாலு பேருக்குப் புரியும்’ என்று டாக்டர் மூர் போன்ற படித்தவர்கள் அக்கறையோடு புத்தி சொன்னார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டான், தன் வழியே போனான்.

வாழ்க்கை அவனைச் சும்மா விடவில்லை. ஜீன் ஆர்மர் என்று ஊர்க் கொத்தனார் மகள். இருவரும் மனம் ஒத்துப் பழகினார்கள், அவள் கர்ப்பமானாள். கணவன் மனைவியாக இருப்போம் என்று இருவரும் ஒரு தாளில் எழுதி வைத்தார்கள். பெண்ணின் தகப்பன் அந்தத் தாளில் இருந்த பெயர்களையே வெட்டி எடுக்க வைத்தார். இந்தக் கடன்காரனுக்குக் கொடுப்பதைவிட மகள் மானம் போனாலும் பரவாயில்லை என்ற நிலை. 1786 அது. ஊரைவிட்டு ஜமைக்காவுக்குக் கப்பலேறிவிடலாம் என்று பர்ன்ஸ் முடிவுசெய்தான். அடிமைகளை வைத்துக் கரும்பு பயிரிட்ட தோட்டங்களில் கணக்கெழுதும் வேலை. அந்தப் பிழைப்புக்குப் போகச் சம்மதித்தது அவன் பெயரில் விழுந்த கறை, அதை மறைத்துப் பேச நான் ஒப்பவில்லை.

கப்பல் கூலிக்குக் காசில்லாத அந்த நேரத்தில்தான் தன் கவிதைகளை அச்சேற்றத் துணிந்தான். வாங்குவதற்கு முன்கூட்டியே ஆள் சேர்த்து, கில்மார்னக் ஊரில் ஜான் வில்சன் அச்சகத்தில், அந்த வருசம் ஜூலை 31-ல் புத்தகம் வந்தது. மொத்தம் 612 பிரதி, விலை 3 சில்லிங். ஏறக்குறைய ஒரு மாதத்தில் தீர்ந்தது! பண்ணையாட்கள் சேர்த்து வைத்த கூலியைப் போட்டு வாங்கினார்கள் என்று சொல்வார்கள். ஏன் வாங்கினார்கள்? தங்கள் வாயில் புரளுகிற சொல்லை அச்சில் பார்த்தால், எந்தக் கூலிக்காரனுக்குத்தான் கண் நிறையாது? கப்பல் போய்விட்டது, பர்ன்ஸ் போகவில்லை. நவம்பரில் எடின்பரோ அவனை வரவேற்றது, நாக்கைச் சுரண்டிக்கொண்டிருந்த அதே எடின்பரோ! 1788-ல் ஜீன் அவன் மனைவியானாள்.

அவன் வாழ்க்கையை நகலெடு என்று உன்னிடம் சொல்லமாட்டேன். பெண்கள் விஷயத்தில் அவன் ஒழுங்கானவன் இல்லை. வேறொருத்தி வயிற்றில் பிறந்த அவன் குழந்தையைத் தன் குழந்தையோடு சேர்த்து வளர்த்தவள் ஜீன்தான். அந்த வீட்டில் பெரிய மனசு அவளுடையது. அவன் மெட்டுகளை உயிரோடு வைத்திருந்த குரலும் அவளுடையதுதான். கலால் உத்தியோகம் கிடைத்து, வாரத்துக்கு 200 மைல் குதிரையில் அலைந்த காலத்திலும் அவன் ஊர் ஊராகப் பழைய பாட்டுகளைச் சேகரித்தான். முனை உடைந்து கிடந்த பாட்டுக்கு முனை வைத்தான். பாட்டு இல்லாத மெட்டுக்குப் பாட்டு வைத்தான். மெட்டு தனக்குள் ஓடி நன்றாக ஊறுகிற வரைக்கும், தானே அதை முணுமுணுத்துப் பழகுகிற வரைக்கும், ஒரு சொல்லும் எழுதமாட்டான். ஜேம்ஸ் ஜான்சன் என்பவர் ஆறு தொகுதிகளாகப் போட்ட 600 பாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவன் கைபட்டது. அதற்கு ஒரு காசு வாங்கவில்லை. 1796 ஜூலை 21-ல், முப்பத்தேழே வயதில் செத்துப்போனான். அவனைப் புதைத்த நாளில் ஜீனுக்கு இன்னொரு குழந்தை பிறந்தது. அவன் திருத்திக் கொடுத்த நட்புப் பாட்டு ஒன்றைத்தான் உலகம் இன்றைக்கும் புத்தாண்டு இரவில் கைகோத்து நின்று பாடுகிறது. தாகூர் அந்த மெட்டில் வங்காளத்தில் பாட்டுக் கட்டினார். குக்கிராமத்துப் பேச்சு போய்ச்சேர்ந்த தூரத்தைப் பார்த்தாயா?

அது சீமைக் கதை, நமக்கு எப்படிங்ணா என்று நீ கேட்பாய். கேள்! நம் உடுமலைக்குப் போகலாம் வா.

பூளவாடி, உடுமலைப்பேட்டையை ஒட்டிய சின்ன ஊர். 1899 செப்டம்பர் 25-ல் அங்கே பிறந்தவர் நாராயணகவி. தாயும் தகப்பனும் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். பள்ளிக்கூடம் நிலைக்கவில்லை. தீப்பெட்டி விற்றுப் பிழைத்த பையன் அவர். ஆனால் ஊர் நோம்பியில் உடுக்கடி கேட்டால் அங்கே நிற்பார், ஒயிற்கும்மி அடித்தால் அங்கே நிற்பார், தம்பட்டம் கேட்டால் கால் தானாக ஓடும். வயிறு காய்ந்தாலும் காது நிறைந்தது. உடுமலை முத்துசாமிக் கவிராயர் கண்ணில் பட்டு நாடகத்துக்குள் போனார். பிற்பாடு கதர்க்கடை வைத்தார். அது நொடித்துக் கடன் கழுத்தைப் பிடித்தது. ஊரைவிட்டுக் கிளம்பினார். ஜமைக்காவுக்குக் கிளம்பினவன் கையில் 612 பிரதி இருந்ததுபோல, இவர் காதில் கும்மியும் உடுக்கையும் இருந்தன. அதுதான் முதல். அதை வைத்துத்தான் பிழைத்தார்.

அந்த முதல் எங்கெல்லாம் போய்ப் பெருகியது என்று பார். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்கு ‘நல்லதம்பி’யில் கிந்தனார் காலட்சேபம், அண்ணாவின் ‘வேலைக்காரி’, கலைஞரின் ‘பராசக்தி’, ‘மனோகரா’. தமிழ்நாடே கண்ணீர்விட்டுப் பார்த்த காதல் தோல்விக் கதை ‘தேவதாஸ்’, 1953-ல் தமிழில் வந்தபோது அதற்குப் பாட்டெழுதினவர்களிலும் நம் பூளவாடிக்காரர் இருந்தார். மேடைத்தமிழ் வீட்டு முற்றம்வரை வந்து நின்ற காலம் அது. இவர் பாட்டோ அடுப்படிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. மாவாட்டுகிற பெண் ஒரு தடவை கேட்டால் மறுதடவை சேர்ந்து பாடுவாள். கும்மியின் அடி அந்தப் பாட்டுக்குள் இருந்தது, கும்மி அவள் காலுக்கு ஏற்கெனவே தெரியும். 1981 மே 23-ல் மறைந்தார். 2008-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. உடுமலையில் மணிமண்டபம் நிற்கிறது. தீப்பெட்டி விற்ற பையனுக்கு!

இன்னும் பின்னால் போகிறாயா? கரூர் மாவட்டம் புகளூர்ப் பக்கம் வேலாயுதம்பாளையத்தில் ஆறுநாட்டான் மலை. அங்கே சமண முனிவர் ஒருவருக்கு வெட்டிக் கொடுத்த கற்படுக்கையில் தமிழ் பிராமி எழுத்தில் சேர அரசர் மூன்று தலைமுறையின் பெயர் இருக்கிறது. அதில் ஒருவன் பெயர் பெருங்கடுங்கோன். சங்க இலக்கியத்தில் பாலைத்திணை பாடியே பெயர் வாங்கின சேரன், பாலை பாடிய பெருங்கடுங்கோ. அந்தக் கல்லில் இருப்பவனே இந்தக் கவி என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். கலித்தொகையில் பாலைக்கலி 35 பாட்டும் அவன் பேரில் வருகிறது. நிலமோ வறண்ட நிலம். பொருள் தேடப் போகிறான் ஆண். தடம் பார்த்து நிற்கிறாள் பெண். அவள் சொல்லாமல் விட்டதைத் தோழி சொல்கிறாள். ஆடிக்காற்றில் புழுதி பறக்கிற காங்கேயத்து மேட்டுக்காட்டையும், திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குப் பொட்டியைத் தூக்கிக்கொண்டு போன மச்சானையும், வாசலில் நின்ற அவன் பொண்டாட்டியையும் நீ பார்த்தவன்தானே? அரசன் அதைப் பாட்டாக்கினான், நீ ஏன் கூசுகிறாய்?

அம்முணி, உனக்கும்தான் சொல்கிறேன். பிரிவையும் கோபத்தையும் ஆசையையும் வாய்விட்டுச் சொன்ன பெண்கள் அந்தப் பாட்டுகளில் நிமிர்ந்து நிற்கிறார்கள். பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று சொல்ல உனக்கு வாயுண்டு. பிடிக்கவில்லையென்றால் வேண்டாம் என்று சொல்லவும் அதே வாயுண்டு. காதல் என்ற பேச்செடுத்தாலே சாதியைக் கேட்டு அரிவாளைத் தேடுகிற சில வீடுகள் இந்த மண்ணில் இன்னும் இருக்கின்றன. அந்த வெட்கக்கேட்டுக்குத் தலைகுனிய வேண்டியவர்கள் அவர்கள், நீ இல்லை. தம்பி, நீயும் கேட்டுக்கொள். கவிதை கொடுத்துவிட்டதால் அவள் உனக்குக் கடன்பட்டவள் ஆகிவிடமாட்டாள். வேண்டாம் என்று அவள் சொன்னால், தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கௌரவமாகத் திரும்பி வா. எழுதினது உன்னுடையது, அதை யாரும் பிடுங்க முடியாது.

எந்தப் பேச்சில் எழுதுவது என்று இன்னும் தயங்குகிறாயா? தாராபுரத்தை ஒட்டிய கீரனூர்க்காரர் ஆர்.சண்முகசுந்தரம், 1942-ல் ‘நாகம்மாள்’ எழுதியபோது தோட்டத்துப் பேச்சை அப்படியே நாவலுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தார். அன்றைக்கு அது எத்தனை பெரிய துணிச்சல்! திருச்செங்கோட்டுப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்த பெருமாள்முருகன், நம் வாய்ச்சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ என்று புத்தகமே போட்டார். பர்ன்ஸ் குதிரையில் அலைந்து பாட்டுப் பொறுக்கினானே, அதே வேலைதான். சொல்லுக்குச் சொல் பெறுமதி உண்டு என்று நம்புகிறவனால்தான் அதைச் செய்ய முடியும்.

அந்தப் பெறுமதியை நான் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்ணால் பார்த்தேன்.

அமுச்சியின் வீட்டுக்காரர், எங்கள் அப்பிச்சிக்கு எண்பத்திரண்டு வயது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். அமுச்சி கட்டிலோரம் முக்காலியில் உட்கார்ந்து, அவர் உள்ளங்காலைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபது வருசம் ‘ஏனுங்க’ என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை அவரை. காதல் என்ற சொல் அமுச்சி வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு அவர் காதருகே குனிந்து, சந்தைக்குக் கிளம்பும்போது சொல்கிற அதே குரலில் சொன்னார்:

“ஏனுங்க, மின்னால போனீங்கன்னா தடத்துலயே நில்லுங்க. நா வந்தர்றனுங். ஒட்டுக்காப் போயிக்கலாம்.”

ஒட்டுக்கா. ‘சேர்ந்து’ என்று போட்டுப் பார், ‘இணைந்து’ என்று போட்டுப் பார். ஒட்டிக்கொண்டு நிற்கிற அந்த ஒட்டு வருகிறதா? என் அமுச்சி கைநாட்டு. உலகத்துக் காதல் கவிதைகளில் நான் படித்தது கொஞ்சமில்லை. அந்த வராந்தாவில் கேட்டதுபோல இன்னொன்று எனக்குக் கிடைக்கவில்லை. மூன்று வருசம் கதவை மூடிக்கொண்டு நான் ஒளித்து வைத்தது இந்தப் பேச்சைத்தான் என்று நினைத்தபோது, வராந்தாச் சுவரில் சாய்ந்து அழுதேன்.

இதையெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை லேத் தம்பியிடம் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவன் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது. எழுந்து போய் அலமாரியிலிருந்து கொங்கு அகராதியை எடுத்து அவன் மடியில் வைத்தேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டுதான் தொட்டான். நடுவில் எங்கோ திறந்தான். ஒரு சொல்லின்மேல் விரல் நின்றது. உதடு அசைந்தது. இன்னொரு பக்கம் புரட்டினான். “அட, இது எங்க ஊட்ல பேசறதுங்ணா,” என்றான். “இதெல்லாமா பொஸ்தகத்துல போடுவாங்?”

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவன் நிமிரவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, கொண்டுவந்த தாளைத் திருப்பி வெறும் பக்கத்தை மேலே வைத்தான்.

“அண்ணா, ஒரு பேனா குடுங்க,” என்றான். நாலு சொல் எழுதிவிட்டு நிறுத்தினான். “ஒட்டுக்காவுக்கு ‘ட்’ ஒண்ணு போடறதுங்களா, ரெண்டுங்களா? எழுதிப் பழக்கமே இல்லீங்ணா.”